ஏற்றத்தில் வலிக்காத இடுப்பு

எங்கள் வீடு கோத்தகிரிக்குப் பக்கத்தில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கால் மணி நேர மேட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு 64 வயது. முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு வினோதமான தொல்லை வந்தது. சந்தைப் பையோடு மேடு ஏறி வீட்டுக்கு வருவார், ஒன்றும் செய்யாது. அதே பாதையில் காலையில் கீழே இறங்கினால் பாதி வழியில் இடுப்பு கடுத்து, இரண்டு காலும் கனத்து மரத்துப் போய், பாலத்துத் திட்டில் உட்கார்ந்துவிடுவார். முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். நடந்தால் மறுபடியும் வரும்.

"என்ன அண்ணி, ஏத்தத்துல விறுவிறுன்னு ஏறுறீங்க, எறக்கத்துல உக்காந்துக்கறீங்க?" என்று சித்தப்பா கேலி செய்தார். ரேஷன் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு ஏதோ சொல்கிறார் என்று நானும் நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி, பார்த்துவிடலாம் என்று கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனோம். எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த மருத்துவர் ஒரே மூச்சில் முடித்தார். "எல் 4, எல் 5 ஜவ்வு விலகியிருக்கு. குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது." இடுப்புக்குப் பெல்ட், பத்து நாள் எடை கட்டி இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷன், மாத்திரை. ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்லத் தகுந்த விஷயம் என்றே தோன்றவில்லை. அம்மா ஒரு மாதம் கட்டிலிலேயே கிடந்தார். எழுந்தபோது ஏற்றமும் முடியவில்லை.

மலையில் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. கொழுந்து பறிப்பவர், கவாத்து வெட்டுபவர், கேரட் மூட்டை தூக்குபவர், பிக்கப் வண்டி ஓட்டுபவர் என்று யாரைக் கேட்டாலும் எல் 4, எல் 5 என்று ஏதோ சொந்த ஊர்ப் பெயர் போலச் சொல்கிறார்கள். கூடவே மூன்று வாக்கியங்கள். ஜவ்வு விலகிடுச்சு, டிஸ்க் தேஞ்சிடுச்சு, நரம்பு மாட்டிக்கிச்சு. வலியைவிட இந்த வாக்கியங்கள்தான் ஆட்களை அதிகம் முடக்குகின்றன என்று எனக்குப் படுகிறது. முதல் வாக்கியம் சுத்தத் தவறு. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது சில பேருக்கு மட்டும் உண்மை.

நுங்கும் டயரும்

முதுகெலும்பு என்பது ஒற்றை எலும்பு அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகள். கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்கும் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. இடுப்பில் உள்ள ஐந்துக்கும் ஆங்கில எழுத்து எல் போட்டு மேலிருந்து எண் கொடுத்திருக்கிறார்கள், எல் 4, எல் 5 என்பது அவ்வளவுதான். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் தவிர, ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில் ஒரு டிஸ்க், ஊரில் ஜவ்வு என்று சொல்வது இதைத்தான். மொத்தம் 23. முதுகெலும்பின் நீளத்தில் ஏறத்தாழ கால்வாசி இந்த டிஸ்க்குகள்தான்.

இடுப்பு டிஸ்க் ஒன்று சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம், நாலு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கோடையில் மேட்டுப்பாளையம் சாலையோரத்தில் விற்கிற இளநுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது அது மாதிரி ஒரு கூழ். சின்ன வயதில் அதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு தண்ணீர்தான். அந்தக் கூழைச் சுற்றி 15 முதல் 25 வரை நார் வளையங்கள், வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக. ஓர் அடுக்கின் நார் வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் அடுத்த அடுக்கின் நார் இடப்பக்கம் சாய்ந்து ஓடும். டயருக்குள் நூலை இப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் வளைந்தாலும் திரும்பினாலும் பாதி நார்களாவது இழுத்துப் பிடிக்கும்.

இந்த நார்கள் மேலேயும் கீழேயும் எலும்போடு பின்னிப்போய் இருக்கின்றன. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வைத்த சோப்பு போல டிஸ்க் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. விலகி வெளியே வருவதற்கு அங்கே வழியே கிடையாது. 'விலகிப் போச்சு' என்றதும் சுளுக்கு எடுப்பவரிடம் போய், முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லி 'உள்ளே தள்ளி'விட்டு வருபவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தள்ளுவதற்கு அங்கே எதுவும் விலகியிருக்கவில்லை.

நடக்கக்கூடியது வேறு. நார் வளையத்தில் உள்ளிருந்து வெளியே மெல்ல விரிசல் விடும். வளையம் கிழியாமல் சற்றுப் பிதுங்கினால் புடைப்பு. விரிசல் வெளிவரை வந்து, கூழ் அதன் வழியே கசிந்தால் அது பிதுக்கம். பிதுங்கும் திசை பெரும்பாலும் பின்பக்கமும் ஓரமும்தான். காலுக்குப் போகும் நரம்பு வேர் அங்கேதான் இறங்குகிறது. இடுப்பில் வரும் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு டிஸ்க்குகளில் வருகின்றன. ஊரெல்லாம் எல் 4, எல் 5 பேசுவதற்குக் காரணம் இதுதான். மேலே உள்ள பாரம் முழுக்க அங்கே இறங்குகிறது, வளைவதும் அங்கேதான் அதிகம்.

விடியற்காலைக் கேரட்

டிஸ்க்கைப் பற்றிப் படித்ததில் என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தியது, அது தினமும் தண்ணீர் குடித்துத் துப்புகிறது என்பது. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் இல்லை. உடம்பில் ரத்த ஓட்டமில்லாத பாகங்களிலேயே பெரியது அதுதான். சாப்பாடு எல்லாம் மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குருத்தெலும்புத் தட்டு வழியாக ஊறித்தான் வர வேண்டும். கூழில் புரோட்டியோகிளைகான் என்றொரு பொருள் இருக்கிறது. ஜூலை மாதம் ஊட்டியில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்துப் பாருங்கள், காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு நீர்த்துப்போகும். அந்தப் பொருளும் அப்படித்தான் தண்ணீரை இழுக்கும். பகலில் நம் உடம்பின் பாரம் அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். ராத்திரி படுத்ததும் பாரம் குறையும், கூழ் மறுபடி குடித்து உப்பும். காலையில் எழும்போது நாம் ராத்திரியைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். அந்த உயரத்தில் பாதியை எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இழந்துவிடுகிறோம். விண்வெளிக்குப் போனவர்கள் சில சென்டிமீட்டர் வளர்ந்து திரும்புவதும் இதே கணக்கு.

ஆக, விடியற்காலையில் டிஸ்க் நன்றாகக் காற்றடித்த டியூப் மாதிரி விறைத்து இருக்கிறது. அந்த நேரத்தில் முழுக்கக் குனிந்தால் பின்பக்க நார்களின்மேல் விழும் இழுவை, சாயங்காலம் அதே அளவு குனியும்போது விழுவதைவிடப் பல மடங்கு. எழுந்ததும் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்க்கும்படி நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைக் கேட்டு 1998-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். வேறெந்த மருந்தும் மாற்றாமலே பலருக்கு வலி குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஊட்டிப் பக்கத்துக் கேத்தி பாலாடா நினைவுக்கு வந்தது. கேரட் பிடுங்குகிற ஆட்கள் இருட்டோடு எழுந்து, வண்டியில் நெருக்கியடித்துப் போய், டார்ச் வெளிச்சத்தில் வேலையை ஆரம்பிப்பார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எழுந்த அரை மணி நேரத்தில், பனியில், டிஸ்க் முழுக்க உப்பியிருக்கும்போது, நூற்றுக்கணக்கான தடவை குனிந்து பிடுங்கி, இலையை அறுத்து, மூட்டை கட்டி, மேட்டில் நிற்கிற வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். டிஸ்க்கை வருத்துவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து அட்டவணை போட்டிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக அமைந்திருக்காது. வேலை நேரத்தை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. முதல் அரை மணி நேரம் குனிகிற வேலையை விட்டுவிட்டு மூட்டை பிரிப்பது, வண்டி ஒழுங்கு செய்வது போன்ற நின்று செய்யும் வேலைகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மேஸ்திரிகள் மனது வைத்தால் முடியும்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. கார் டயரில் நாம் அடிக்கிற காற்றே சுமார் 0.2 தான் என்பதால், சும்மா நிற்கும்போதே டிஸ்க் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது. 20 கிலோவை முழங்கால் மடக்கித் தூக்கியபோது 1.7. முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. ஒரே ஒரு ஆளிடம் எடுத்த அளவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் போக்கு தெளிவாகவே தெரிகிறது. 1960-களில் ஸ்வீடனில் நாகெம்சன் என்பவர் எடுத்த அளவுகளில் நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்று வந்தது. 'உட்காராதே' என்ற பயமுறுத்தல் அங்கிருந்துதான் கிளம்பியது. உல்ம் அளவில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது நிற்பதைவிடக் குறைவாகவே இருந்தது.

தூக்கும்போது ஏன் இவ்வளவு கூடுகிறது? முதுகுத் தசை டிஸ்க்கின் மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் பின்னால்தான் இழுக்கிறது. மூட்டையை உடம்பிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் கணக்கு பத்துக்கு ஒன்று. 20 கிலோவைச் சமன் செய்யத் தசை 200 கிலோவுக்கு இழுக்க வேண்டும், அந்த இழுவை முழுக்க டிஸ்க்கின் மேலேயே அமுங்கும். கொழுந்துச் சாக்கை முதுகோடு ஒட்டிச் சுமப்பதும், விறகைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக நடப்பதும் நம் ஆட்கள் எந்தப் பௌதிகமும் படிக்காமல் கண்டுபிடித்த வழி. பாரம் முதுகுத்தண்டின் நேர்க்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கொழுந்து பறிப்பதே ஒப்பீட்டில் அவ்வளவு மோசமான வேலை இல்லை, செடி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முழங்கால் உயரத்துக்கு வெட்டுகிற கவாத்துதான் முதுகை ஒடிக்கும்.

ஒரே தடவை பாரம் தூக்கி 'சடக்'கென்று டிஸ்க் வெடிப்பது நாம் நினைப்பதைவிட அபூர்வம். நேராக அமுக்கினால் டிஸ்க் கிழிவதற்கு முன்பே எலும்புதான் உடைகிறது. பன்றியின் முள்ளெலும்புகளை வைத்துக் கனடாவில் செய்த சோதனையில், மிதமான பாரத்தோடு ஆயிரக்கணக்கான தடவை குனிய வைத்து நிமிர்த்தியபோது நார் அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கூழ் பின்னோக்கி நகர்ந்தது. ஒரு நாள் ஒரு வாளியைத் தூக்கும்போது 'பிடித்துக்கொண்டது' என்கிறோமே, வாளி பெரும்பாலும் கடைசி சாட்சி மட்டும்தான்.

பாரம் தூக்கியதால்தான் எல்லாம் தேய்ந்தது என்பதும் முழு உண்மையில்லை. பின்லாந்தில் அச்சில் வார்த்தது போன்ற ஒத்த இரட்டையர்களைப் பார்த்தார்கள். ஒருவர் காலமெல்லாம் பாரம் தூக்கியவர், மற்றவர் நாற்காலியில் இருந்தவர். இருவரின் டிஸ்க் படங்களும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்று போலவே இருந்தன. டிஸ்க் எந்த வயதில் எவ்வளவு காய்கிறது என்பதில் வேலையைவிடப் பரம்பரைக்குப் பங்கு அதிகம். புகை பிடிப்பதும் கெடுதல், ஊறி வருகிற கொஞ்ச சாப்பாட்டையும் அது குறைக்கிறது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. உட்கார்ந்திருக்கும் மனித முதுகு நொடிக்கு நாலைந்து தடவை ஆடும் அதிர்வில்தான் அதிகமாகக் குலுங்கும், பழைய வண்டிகளின் ஆட்டமும் அங்கேதான் இருக்கிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, இறங்கிய கையோடு மூட்டையைத் தூக்குவது நல்லதல்ல. டீ குடிக்கிற அந்தப் பத்து நிமிடம் முதுகுக்கும் வேண்டும்.

படத்தில் தெரிவதும் தெரியாததும்

கால் வரைக்கும் இழுக்கிற வலிக்கும் டிஸ்க்குக்கும் உள்ள தொடர்பு தெளிவாக நிறுவப்பட்டது 1934-இல்தான். பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் அதை எழுதினார்கள். அதுவரை அறுவை சிகிச்சையில் அகப்பட்ட அந்தத் துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு எந்த முதுகுவலிக்கும் டிஸ்க்தான் காரணம் என்று ஒரு காலம் ஓடியது. எம்.ஆர்.ஐ. வந்ததும் அது உச்சத்துக்குப் போனது.

1994-இல் ஒரு குறும்பான காரியம் செய்தார்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேனில் படுக்க வைத்தார்கள். பாதிக்கு மேல், அதாவது 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்கில் புடைப்பு இருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுக்கமே இருந்தது. 2015-இல் இப்படி வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் 'தேய்ந்து' இருந்தது. தலை நரைப்பதை யாரும் தலை வியாதி என்று சொல்வதில்லை. இளநுங்கு முற்றிக் கெட்டியாவதைப் போல டிஸ்க்கின் தண்ணீர் வயதோடு குறைகிறது, உயரம் சற்று இறங்குகிறது, அவ்வளவுதான். படத்தில் கறுப்பாகத் தெரிவது அந்தத் தண்ணீர்க் குறைவு. இயந்திரத்து வாஷர் மாதிரி உரசித் தேய்ந்து தூளாகிப் போனது அல்ல.

அப்படியானால் வலி எங்கிருந்து? பெரும்பாலான இடுப்பு வலிகளில், பத்தில் ஒன்பதில், இந்த இடம்தான் என்று விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. டிஸ்க்கின் வெளி வளையத்தில் நரம்பு உண்டு, அங்கே விரிசல் விட்டால் வலிக்கும். பின்பக்கச் சிறு மூட்டுகள் வலிக்கலாம். தசையும் தசைநாரும் வலிக்கலாம். இடுப்பெலும்பு மூட்டு வலிக்கலாம். எல்லாமே ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே மாதிரி வலிக்கும். மூன்று மாதத்தைத் தாண்டி நீடிக்கும் வலியில் இன்னொன்றும் சேர்கிறது, நரம்பு மண்டலமே பயந்த நாய் மாதிரி ஆகிவிடுகிறது. சருகு அசைந்தாலும் குரைக்கும். தூக்கமின்மை, கவலை, 'இனிமே குனியவே முடியாது' என்ற பயம், வேலை போய்விடுமோ என்ற நினைப்பு, எல்லாம் அந்தக் குரைப்பைக் கூட்டும். வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை.

பனியால்தான் வலி என்பது எங்கள் மலையில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் முதுகுவலி தொடங்கிய நாட்களையும் வானிலைப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், குளிருக்கும் மழைக்கும் ஈரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அவங்க ஊர்ல கோத்தகிரிப் பனி பெய்யுதாடா?" என்று கேட்டார். பதில் இல்லை.

நரம்பு வேர் உண்மையிலேயே நெருக்கப்படும்போது அதன் அடையாளம் தனி. வலி இடுப்போடு நிற்காது, பிட்டம், தொடை தாண்டி முழங்காலுக்குக் கீழே மின்சாரம் மாதிரி இறங்கும். இருமினால், தும்மினால் சுரீர் என்கும். கடைசிக்கு முந்தைய டிஸ்க் என்றால் பெரும்பாலும் பாதத்தின் மேற்பகுதியும் கட்டை விரலும் மரக்கும், கடைசி டிஸ்க் என்றால் பாதத்தின் வெளி ஓரமும் சுண்டு விரலும். மருத்துவர் குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கச் சொல்வது இதைப் பார்க்கத்தான். நெருக்கம் மட்டும் காரணமல்ல, கசிந்த கூழ் நரம்புக்கு ஒவ்வாத சரக்கு, அது அங்கே அழற்சியை மூட்டுகிறது. நல்ல செய்தியும் இதில்தான் இருக்கிறது. வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, வெள்ளணுக்களை அனுப்பித் தின்றுவிடுகிறது. பெரிய துண்டாக உடைந்து வந்ததுதான் சின்னப் புடைப்பைவிட அதிகம் கரைகிறது. படத்தில் பயங்கரமாகத் தெரிவது பல சமயம் நல்ல சகுனம்.

நெதர்லாந்தில் 2007-இல் வந்த ஆய்வு இதற்குச் சாட்சி. கடுமையான கால் வலியுள்ளவர்களில் ஒரு பாதிப் பேருக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை, மறு பாதியைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆக அறுவை தவறல்ல, சில மாத வலியை வாங்கிக்கொள்ளலாமா வேண்டாமா என்ற தேர்வு அது. கால் பலம் குறைந்துகொண்டே போனால் மட்டும் கணக்கு வேறு.

கட்டில் வைத்தியத்தைப் பற்றி 1995-லேயே ஹெல்சிங்கியில் பார்த்துவிட்டார்கள். படுத்துக் கிடந்தவர்களைவிட, வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைச் செய்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னவற்றில் டிராக்‌ஷனும் இடுப்புப் பெல்ட்டும் இருக்கின்றன. உடற்பயிற்சிக்கு ஆதரவு இருக்கிறது. வெறும் நடைக்கும் சான்று உண்டு. 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஆய்வில், முறையாக நடக்கப் பழகியவர்களுக்கு வலி திரும்பி வருவதற்கு 208 நாள் ஆனது, பழகாதவர்களுக்கு 112 நாள். ஆனால் நம் ஊரில் பெல்ட் எழுதிக் கொடுக்காத மருத்துவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். மாத்திரையும் பெல்ட்டும் கேட்டு வாங்குவதில் நம் பங்கும் இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலத் தொங்குகின்றன. பெரிய பிதுக்கம் அந்தக் கற்றையை மொத்தமாக நெருக்கினால் சிறுநீர் வராமல் கட்டிக்கொள்ளும் அல்லது தெரியாமலே போகும், உட்காருமிடம் மரத்துப் போகும், இரண்டு காலும் பலம் இழக்கும். இது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். மலையிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. காய்ச்சலோடும் எடை குறைவோடும் ராத்திரியில் கூடுகிற முதுகுவலி காசநோயாக இருக்கலாம். முதுகெலும்புக் காசநோயை லண்டன் மருத்துவர் பாட் 1779-லேயே விவரித்துவிட்டார், நம் நாட்டில் அது இன்னும் போகவில்லை. ஈரச் சரிவில் லேசாக வழுக்கி உட்கார்ந்த வயதான பெண்ணுக்குத் திடீரென்று முதுகு தாங்க முடியாமல் வலித்தால், எலும்பு மெலிந்து நொறுங்கியிருக்கலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களின் புது முதுகுவலியையும் உடனே பார்க்க வேண்டும்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். கட்டிலில் கிடந்த அந்த மாதத்துக்குப் பிறகு, உள்ளூரிலேயே ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். அவர் படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "நடந்தா கால் மரக்குதுன்னீங்களே, ஏத்தத்துலயாம்மா, எறக்கத்துலயா?" என்று கேட்டார். அம்மா சொன்னதும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் அறிக்கையை எடுத்தார். டிஸ்க் புடைப்பு முதல் வரியில் இருந்தது. நரம்புக் கால்வாய் குறுகியிருக்கிறது என்பது நாலாவது வரியில் இருந்தது. கோயம்புத்தூரிலும் சரி, வீட்டிலும் சரி, நாங்கள் யாரும் முதல் வரியைத் தாண்டவில்லை.

நரம்புகள் இறங்குகிற கால்வாய் வயதோடு குறுகும். முன்பக்கம் டிஸ்க் சற்றுப் புடைக்கும், பின்பக்கச் சிறு மூட்டுகள் பருக்கும், அவற்றுக்கு நடுவில் உள்ள தசைநார் தடிக்கும். நிமிர்ந்து பின்னால் சாயும்போது கால்வாய் இன்னும் குறுகும், முன்னால் குனிந்தால் விரியும். மேடு ஏறும்போது நாம் எல்லோருமே நம்மையறியாமல் முன்னால் சாய்கிறோம், கால்வாய் விரிகிறது, நரம்புக்கு ரத்தம் கிடைக்கிறது. இறங்கும்போது விழாமல் இருக்கப் பின்னால் சாய்கிறோம், அப்போது நெருக்கிவிடுகிறது. திட்டில் குனிந்து உட்கார்ந்ததும் சரியாகிப் போனதும் இதனால்தான். சமவெளிக்காரர்களிடம் மருத்துவர்கள் கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் வலி குறைகிறதா என்று கேட்பார்களாம். எங்களுக்குச் சரிவே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறது. காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தால் இதற்கு நேர்மாறு. ஏற்றத்தில்தான் கெண்டைக்கால் கடுக்கும், உட்காரக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே தணியும். சர்க்கரைக்காரர்களும் பீடி குடிப்பவர்களும் இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெறும் டிஸ்க் பிதுக்கக்காரருக்குப் பொதுவாக உட்காருவதும் குனிவதும்தான் ஆகாது, நடந்தால் கொஞ்சம் தேவலை.

'குனியாதே' என்பது அம்மாவுக்குச் சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை. டாக்டரம்மா மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கிற பயிற்சியும், வயிற்றுத் தசைக்கு இரண்டு பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். இறங்கும்போது கைத்தடியை முன்னால் ஊன்றிச் சற்றுக் குனிந்து நடக்கச் சொன்னார். இது பெரும்பாலானவர்களுக்கு வேகமாக முற்றுவதில்லை, முற்றினால் கால்வாயை அகலப்படுத்தும் அறுவை இருக்கிறது, இப்போது தேவையில்லை என்றார். பெல்ட் பரணுக்குப் போனது.

அம்மாவிடம் கைத்தடி கிடையாது, நீளக் காம்புக் குடைதான். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நாலு பாலத்துத் திட்டு. அப்போதெல்லாம் நாலிலும் உட்காருவார். இப்போது இரண்டாவதில் மட்டும். அங்கே பூ விற்கிற அக்காவிடம் பேச வேண்டியிருக்கிறதாம். போன வாரம் சித்தப்பா இறக்கத்தில் அவரைத் தாண்டிப் போய், ஏற்றத்தில் திரும்பி வரும்போது மூச்சு வாங்கி நின்றார். "என்ன தம்பி, கெண்டைக்கால் கடுக்குதா?" என்று அம்மா கேட்டார். சித்தப்பா பீடி குடிப்பவர். நாளைக்கு அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன்.